ஸ்டாண்டைத் தேடும் கால்

சைக்கிள் கடையின் பின்முற்றத்தை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு அந்தப் புது ரோடு பைக்கிலிருந்து அவள் இறங்குகிறாள். மூச்சு வாங்குகிறது, ஆனாலும் வாயெல்லாம் பல். கருநீலச் சட்டத்தில் வெயில் வழுக்கி ஓடுகிறது. பின்சக்கரம் இன்னும் வண்டுபோல் ரீங்கரிக்கிறது. பழைய சைக்கிளின் பழக்கத்தில் அவள் கால் ஸ்டாண்டைத் தேடிக் காற்றை உதைக்கிறது. "இதுக்கு ஸ்டாண்டே கிடையாதுங்க, அது வீண் கனம்," என்று கடைக்காரர் சிரிக்கிறார். "பாத்தியா, தானா நிக்கக்கூடத் தெரியாத வண்டி. ஓட்டிப் பழகி நாலு மாசம்கூட ஆகல, உனக்குப் பழசே போதும்," என்று காலையிலிருந்து பாடும் பாட்டையே பாடியபடி கணவன் வண்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறான். சுவரோரம் சாய்த்து வைக்கத் தூக்குகிறான். நினைத்ததைவிட உயரமாகக் கை மேலே போய்விடுகிறது. மறுபடி இரண்டே விரலால் தூக்கிப் பார்க்கிறான். "குடுங்க, பில் போடச் சொல்லலாம்," என்கிறாள். "இரு, இரு," என்கிறான் அவன். அதற்குள் அவனுடைய ஒரு கால் பெடலில் ஏறிவிட்டது. "ஒரே ஒரு ரவுண்டு."