சிவப்புக்கு அடிபாடு

1979. கல்முனையில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி நிலநடுக்க வரைபடத்தை விரித்துப் பிடிக்கிறார். தூரத்து நாடுகளில் சிவப்பு. நம் கரை வெறும் வெள்ளை. "உங்களுக்கு ஆபத்தே இல்லை" என்று அவர் திருவாய் மலர்ந்ததும் மண்டபம் கொதிக்கிறது. போன வருடச் சூறாவளிக்குப் பிறகு, சேத வரைபடத்தில் சிவப்பு விழுந்த ஊர்களுக்குத்தான் கூரைத் தகரம் வந்தது. "எங்கட குறிச்சிக்குச் சிவப்படிங்க சேர்" என்று ஆதம்பாவா எழும்புகிறார். "ஒங்களுக்கு என்னத்துக்குச் சிவப்பு, ஆதம்பாவாக் காக்கா? ஒங்கட மாடி ஊட்டுல ஒரு ஓடும் பறக்கல்லயே" என்கிறார் பக்கத்துக் குறிச்சி இஸ்மாலெவ்வை. பதிலுக்கு, உட்கார்ந்திருந்த மர வாங்கு ஒன்று பறக்கிறது. மற்றொன்று ஆதம்பாவாவின் நெற்றியைப் பிளக்கிறது. கேட்ட நிறம் அவருக்கு மட்டும் உடனே கிடைக்கிறது. யன்னல் கண்ணாடி நொறுங்கி வெயிலில் மின்னுகிறது. வரைபடம் நாலு கைகளுக்குள் கிழிகிறது. அதிகாரி, ஊருக்குச் சொல்லித்தர வந்த பாதுகாப்பு முறைப்படியே, மேசைக்குக் கீழே ஊர்ந்து போகிறார். சூறாவளி கூரையைக் கொண்டுபோன நாளிலிருந்து தலைக்கு மேலே சாக்கைக் கட்டிப் பிள்ளைகளோடு கிடக்கும் கமீலா குனிந்து அவரைப் பார்க்கிறாள்.

"நிலம் நடுங்கினா இப்பிடித்தான் பதுங்கணுமா சேர்? எங்கட ஊட்ட மேசையும் இல்ல, கூரையும் இல்ல. நாங்க எதுக்குக் கீழ போற?"