ஒரே ஒரு இறால்

ஒரே ஒரு இறாலைத்தான் வாயில் போட்டான். உதடு பலூனாக வீங்கி, கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வழக்கமான டாக்டரிடமே அவனை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

ஊசி போட்டுவிட்டு டாக்டர் கேட்டார்: "இறால் உங்களுக்கு ஒத்துக்காதா?"

"எனக்கா? சின்ன வயசுல தங்கச்சி பங்கையும் நான்தான் சாப்பிடுவேன் டாக்டர். அவ தொட்டாலே தடிச்சுடுதும்பா. 'சும்மா நடிக்காதடி'ன்னு ஓட்டுவேன்."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மனைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மனுஷன் மூஞ்சி வீங்கிக் கிடக்கு, சிரிக்கிறீங்களே!"

"சந்தோஷப்படுங்கம்மா! போன வருஷம் ரத்தப் புற்றுநோய் வந்தப்போ, இவரோட எதிர்ப்பு சக்தி மொத்தமும் போய், சாதாரண சளிக்கே பயந்து கண்ணாடி அறையில வச்சிருந்தோம். அப்புறம் தங்கச்சியோட எலும்பு மஜ்ஜையைத்தானே கொடுத்தோம்? இப்ப இவர் உடம்புல காவல் நிக்கிறது பூரா அவங்க படை. யாரை அடிக்கணும்னு அங்க கத்துக்கிட்டதை மறக்காம இங்கயும் கொண்டுவந்திருக்கு பாருங்க! எமகாதகப் படை! இனி இவருக்கு இறால் மட்டும் வேண்டாம்."

வீங்கிய உதட்டோடு அவன் தங்கைக்குப் போன் போட்டான்.

"குட்டிம்மா... நீ அப்போ நடிக்கலடி."