தலை மட்டும் மேடையில்

ஒரே அரங்கில் முப்பது நாள் தொடர்ந்து பாட ஒப்புக்கொண்டிருந்த அரிஞ்சயனின் வெள்ளித்தகட்டு அங்கிக்குப் பொத்தானும் இல்லை, ஜிப்பும் இல்லை. தினமும் மாலை தையற்காரி எஸ்தர் அதை அவன் உடம்போடு வைத்துத் தைப்பாள். பாட்டெல்லாம் முடிந்ததும் நூலை வெட்டி அவனை வெளியே எடுப்பாள். பன்னிரண்டாம் நாள், மேடைக்கு அடியிலிருந்து அவனைத் தூக்கிவந்த லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. தலை மட்டும் மேடைக்கு மேலே. அங்கியின் தகடுகள் மேடைத் தளத்தின் திறப்பில் சிக்கி நெஞ்சை இறுக்கின. அரங்கம் ஒரு கணம் திகைத்தது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஒரு விமர்சகர், "மனுசன் என்னத்தையோ சொல்ல வர்றான்யா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கீழே எஸ்தர் கத்தரிக்கோலால் அவன் முழங்காலைத் தட்டினாள். "தம்பி, டிரெஸ்ஸ வெட்டிரவா? நீங்க சொல்லாம கைவைக்க மாட்டேன்."

அரிஞ்சயன் தலையாட்டினான். கூடவே ஆயிரம் தலைகள் ஆடின. மூச்சுமுட்ட, "வெட்டுங்கக்கா!" என்றான். கன்னத்து மைக் அதை அரங்கம் முழுக்கக் கொண்டுபோனது. "வெட்டுங்கக்கா!" என்று கூட்டம் ராகத்தோடு திருப்பிப் பாடியது. டிரம்ஸ்காரர் தாளம் பிடித்துக்கொண்டார். அவனுடைய எந்தப் பாட்டுக்கும் இப்படியொரு வரவேற்பு கிடைத்ததில்லை. அழுவதா, இன்னொரு தடவை சொல்வதா என்று அவனுக்குப் புரியவில்லை. சொன்னான்.

முழங்காலிலிருந்து கத்தரிக்கோல் விலகியது. "புதுப் பாட்டா தம்பி? எங்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றாள் எஸ்தர். அவன் கெண்டைக்காலில் அவள் விரல்கள் தாளம் போட ஆரம்பித்தன.