வெட்டில்லாத காது

ஒரு பட்டியில் எல்லா ஆடுகளுக்கும், அந்தப் பட்டி ஆடு என்பதற்கு அடையாளமாக, இடது காதில் சின்ன வெட்டு உண்டு. ஒரு சாயங்காலம், வெட்டில்லாத காதோடு கரிச்சி என்ற ஆடு வாசலில் வந்து நின்றது. வெளியே நரி நடமாட்டம் இருந்தது.

"வேலி முள்ளில காதைக் கிழிச்சுட்டு உள்ள வா," என்றது கொம்பன் கிடா.

கரிச்சி காதை முள்ளருகே கொண்டுபோனது.

"வேண்டாம், நில்லு!" என்றது உள்ளே இருந்த சுட்டி என்ற ஆடு.

"நீ பேசாம யார் பேசுவா? மத்தியானம் இவகூட ஒரே தொட்டியில தண்ணி குடிச்சவளாச்சே!" என்றது கிடா.

"குடிச்சேன் அண்ணே. நீங்கல்லாம் பார்த்துடுவீங்களோன்னு பயந்துக்கிட்டேதான் குடிச்சேன். ஆனா நம்ம மேய்ப்பர் சீழ்க்கை அடிச்சதும் அவர்கிட்ட முதல்ல ஓடினது இவதான். நீங்க புல்லை விட்டு நகரவே இல்லையே."

அப்போது பட்டிக்குள்ளிருந்து மேய்ப்பரின் சீழ்க்கை கேட்டது. எல்லாக் காதுகளும் ஒன்றாக நிமிர்ந்தன. கரிச்சியின் காதும் நிமிர்ந்தது. கிடா அதைப் பார்த்தது.

பிறகு வாசலை விட்டு ஒதுங்கி, "வா தாயி. அந்த மூலை மட்டும் என் இடம், அங்க படுத்துடாதே," என்றது.

கரிச்சி முழுக் காதை ஒருமுறை உதறிக்கொண்டு உள்ளே போனது.