சத்தம் போடாத வாடகைக்காரர்

இலுப்பை மரத்துக் குடியிருப்போர் சங்கத்தில் ஒரே ஒரு விதிதான். பொந்தை யாருக்கும் நாள் வாடகைக்கு விடலாம். வருகிறவர் சத்தம் போடக்கூடாது. மைனா தன் பொந்தை ஒரு சாரைப்பாம்புக்கு விட்டது.

மேல்கிளைப் புறா இரை தேடித் திரும்பியபோது, கூட்டில் இரண்டு முட்டைகளையும் காணோம். கீழே பாம்பு வயிறு புடைத்துத் தூங்கியது. பதறிப்போய்ச் சங்கத் தலைவர் மரங்கொத்தியிடம் பறந்தது புறா.

"ஐயா, பாம்பு என் முட்டையெல்லாம் விழுங்கிடுச்சு!"

"சத்தம் ஏதாவது கேட்டுச்சாம்மா?"

"இல்லை..."

"அப்ப எந்த விதியை மீறினார்னு நான் கேக்கறது?"



பக்கத்தில் இருந்த மைனா ஆறுதலாகச் சொன்னது: "வருத்தப்படாதே அக்கா, நாளைக்கே கிளம்பிடுவார். இடம் ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். அடுத்த தடவை குடும்பத்தோட வர்றாராம்."