மஞ்சள் கோட்டுக்கு உள்ளே

அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்டு ஆலையின் கொட்டகையில் பேட்டரி வேன் நிற்கிறது. ஒயர் கிடையாது, தரையில் பதித்த தகட்டிலிருந்தே சார்ஜ் ஏறுகிறது. சுற்றிலும் மஞ்சள் கோடு. கோட்டுக்கு வெளியே என்ஜினியர் தினகரன், தகட்டிலிருந்து கசியும் காந்த அலையை அளக்கும் மீட்டரை மார்பு உயரத்தில் பிடித்து, ‘ஆபத்தில்லை’ என்று எழுதிக்கொண்டிருக்கிறார். கோட்டுக்கு உள்ளே குந்தியபடி அருள்மேரி வேனுக்கடியில் கையை விட்டுச் சுண்ணாம்புத் தூசியைக் கூட்டி அள்ளுகிறாள். சார்ஜை நிறுத்திவிட்டுக் கூட்டினால் ஷிப்டுக்கு வேன் தாமதமாகுமாம். தினமும் மூன்று வேளை இப்படித்தான். தகட்டின்மேல் வைத்த தகர முறம் கையைச் சுடுகிறது. வெயிலே எட்டாத இடம்; அந்த அலைதான் தகரத்தைச் சூடேற்றுகிறது. “சார், அந்த மிஷினை நான் குந்தியிருக்கிற எடத்துல வச்சுப் பாருங்க.” அவர் தலை நிமிரவில்லை. “கோட்டுக்குள்ள யாரும் வரக் கூடாதும்மா. அதனால அங்க அளக்கறதில்ல.” “மூணு மாசமா உள்ளாறதான இருக்கேன். அப்ப நான் யாரு சார்?” பேனா ஓடிக்கொண்டே இருக்கிறது. அருள்மேரி சுடுகிற முறத்தை விளக்குமாற்றால் தள்ளுகிறாள். அது தரையைக் கீறிக்கொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டி அவர் ஷூவருகே போய் நிற்கிறது. “தொட்டுப் பாத்துட்டு எழுதுங்க.” தினகரன் காலைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார்.