முள் நிற்குமிடம்

நவம்பர் ஒன்பதாம் நாள். விடிந்ததிலிருந்து விடாத தூறல். பழைய கடிகாரக் கடையின் கண்ணாடிப் பேழைக்குள் இருந்த மெல்லிய தங்கநிறக் கைக்கடிகாரத்தை அவள் கண்கொட்டாமல் நோக்கினாள். அவளுடைய கணவர் பல ஆண்டுகளாக ஆசைப்பட்ட அதே வகை.

“உங்க பணத்துக்கு ஓடுறது கட்டுப்படியாகாதும்மா. இது ஓடாது, அதான் மலிவு,” என்றார் கடைக்காரர்.

“இதுவே போதும்ண்ணே. சாயங்காலத்துக்குள்ள அவர் கையில கட்டிடணும்.”

“பிறந்தநாளா? ஆபீசுக்கு லேட்டானா மனுஷன் என்னையில்ல திட்டுவார்!”

“திட்டமாட்டார்.”

தோல்வாரைத் துடைத்துக்கொண்டே கடைக்காரர் கேட்டார்: “முள்ளை எங்க வைக்கட்டும்? பத்து பத்துல வெச்சாத்தான் பார்வையா இருக்கும்.”

அவள் பணத்தை எண்ணிப் பேழைமேல் வைத்தாள்.

“வேண்டாம்ண்ணே. இன்னிக்குக் காலையில அவர் மூச்சு அடங்கின நேரத்துலயே நிக்கட்டும். ஆறு நாற்பது.”